துவக்கோடு நின்ற படம்

மாமாங்கத்துக்கு அந்தத் துவக்கு, துப்பாக்கிதான், தேவையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கேட்கிறவர்கள் அவனை ஏதோ பெரிய சூரன் என்று நினைத்துவிடுவார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் வயற்காரர்களுக்கு உழவு மெசின் ஓட்டித் திரிந்தவன் அவன். வரப்பில் கீரி குறுக்கே போனாலும் மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். எண்பத்தாறாம் ஆண்டு டென்மார்க்குக்கு வந்து சேர்ந்து, ஹோர்சன்ஸ் நகரத்தில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சட்டங்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தேவைப்பட்டது பெண்சாதி தங்கராணியும் மகள் ஷர்மினியும்தான். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, தபால்காரன் வரும் வழியைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தான்.

தபால்காரனும் வந்தான். மின்சார பில் கொண்டு வந்தான், சுப்பர் மார்க்கெட்டின் மலிவு விற்பனைத் தாள் கொண்டு வந்தான். வரவேண்டியது மட்டும் வரவில்லை.

அந்த நாட்களில் டென்மார்க்கில் இருந்த தமிழ் ஆண்கள் எல்லோருக்கும் இதே கதைதான். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று சட்டம் இருந்தது. விண்ணப்பங்கள்தான் போன இடத்தில் கல்லுப் போலக் கிடந்தன. மேலே, அமைச்சு மட்டத்தில், வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகு விசாரணை வைத்து வெளியே வந்தது, ஓர் அரசாங்கமே அதில் கவிழ்ந்தும் போனது. கவிழ்ந்து என்ன, நிமிர்ந்து என்ன? அப்போது யாருக்கு அது தெரியும்? பிழை தங்களிடம்தான் என்று ஒவ்வொருவனும் தன்னைத்தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். டேனிஷ் படித்தால் கெதியாகக் கிடைக்கும் என்றான் ஒருவன். மீசையை எடுத்துவிட்டுப் படம் பிடித்து அனுப்பு என்றான் இன்னொருவன், அதையும் ஆட்கள் செய்தார்கள். மாமாங்கத்தோடு ஒரே வீட்டில் இருந்த திருகோணமலைக்காரன் கோணேஸ்வரன் மட்டும், இவன்களுக்கு நாங்கள் எல்லாரும் புலிதான், மீசை எடுத்த புலி எடுக்காத புலி எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான்.

மாமாங்கத்தின் மனதில் அந்தப் பேச்சுத் தைத்துவிட்டது. தான் புலி இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? ஒருவன் தன்னிடம் இல்லாத ஒன்றை எடுத்துக் காட்ட முடியுமா?

அந்த நேரத்தில்தான் ஹென்னிங் வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்தான் என்றால், ஒரு வருடமாக மாமாங்கத்துக்குப் பக்கத்து மேசையில் நின்று வேலை செய்தவன்தான். தடித்த கழுத்தும் சிவந்த காதுமாக, ஆளுக்கு மேல் ஆளாக இருப்பான். பேச்சுக் குறைவு. ஒரு நாள் சாப்பாட்டு நேரம் அவன் கேட்டான், நீ வேலை முடிந்து என்ன செய்கிறாய் என்று. ஒன்றும் இல்லை, தபால் பெட்டியைப் பார்க்கிறேன் என்றான் மாமாங்கம். ஹென்னிங் ரொட்டியை மென்றுகொண்டே யோசித்துவிட்டு, இந்த நாட்டில் ஒரு சங்கத்திலும் இல்லாத மனிதனை யாரும் நம்பமாட்டார்கள் என்றான். தன் சங்கத்துக்கு வரச் சொன்னான். அது குறி பார்த்துச் சுடுகிறவர்களின் சங்கம். பந்து அடிக்கிற சங்கமாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமாங்கம் பயந்து பயந்துதான் போனான். அங்கே பார்த்தால் ஓய்வுபெற்ற ஆசிரியை, பால்பண்ணைக்காரன், மருந்துக்கடைக்காரன், எல்லோரும் துவக்கோடு வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். சுட்டு முடிந்ததும் எழும்பிக் கோப்பி குடித்து, வீட்டில் வெதுப்பிக் கொண்டு வந்த கேக்கை வெட்டிச் சாப்பிடுகிறார்கள். துவக்கைக் கண்டால் ஓடுவதையோ விழுந்து கும்பிடுவதையோ மட்டும் கண்டு பழகியவனுக்கு இது புதினமாக இருந்தது. சங்கத் தலைவர் முன்னாள் பொலிஸ்காரர். அவர் மாமாங்கத்தின் முழங்கையைப் பிடித்து நிலத்தில் சரியாக ஊன்றிவிட்டார். ஒரு பொலிஸ்காரன் தன் கையை முறுக்காமல் பிடித்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

அவனுக்குக் குறி வாய்த்தது. மூச்சை அடக்கி, கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற அந்த ஒரு நொடியில் தங்கராணியின் நினைவு வராது, தபால்பெட்டி நினைவு வராது. எழும்பிய பிறகு அதற்காகவும் வருத்தப்படுவான்.

சங்கத்துத் துவக்கு விருந்தாளிக்கு, சொந்தத் துவக்கு வைத்திருக்கிறவன்தான் அங்கத்தவன் என்று ஹென்னிங் சொன்னான். பழைய இராணுவத் துவக்குகள் மலிவு, உலக யுத்தத்தில் மிஞ்சியவை, அவற்றைச் சேர்த்து வைத்துச் சுடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் என்றான். ஆனால் அனுமதி வேண்டும். பொலிஸ் உன்னை அடி முதல் நுனி வரை விசாரிப்பார்கள், சுத்தமான ஆள் என்று கண்டால்தான் தருவார்கள்.

அந்தக் கடைசி வசனத்தில்தான் மாமாங்கத்தின் மூளை பற்றிக்கொண்டது. பொலிஸ் விசாரித்துத் துவக்கு வைத்திருக்க அனுமதி தந்தால், அவன் நல்லவன் என்று டென்மார்க் அரசாங்கமே கையெழுத்து வைத்த மாதிரி அல்லவா? அதற்குப் பிறகு எந்தக் கந்தோர்க்காரன் அவனைப் புலி என்று சொல்வான்? புலி இல்லை என்று காட்டத் துவக்கு வாங்கப் போனவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். சிரிக்கத்தான் வருகிறது. ஆனால் பெண்சாதி பிள்ளையைக் கண்ணால் காணாமல் வருடக்கணக்காகக் கிடந்து பாருங்கள், உங்கள் மூளையும் அப்படித்தான் வேலை செய்யும்.

பிராண்டே என்ற ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டில் பழைய துவக்கு விற்கிற ஒருவர் இருந்தார். ஹென்னிங் காரில் கூட்டிப் போனான். முன்பு மாடு கட்டிய கொட்டிலில் மர அடுக்குகளில் துவக்குகள் நின்றன, எண்ணெய் மணந்தது. இது டேனிஷ் இராணுவத்தின் பழைய துவக்கு, இது ஜெர்மன்காரன் போகும்போது போட்டுவிட்டுப் போனது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார் மனிதர். மாமாங்கத்தின் கண் மூலையில் நின்ற ஒன்றில் போய் நின்றது. பித்தளைத் தகடு வைத்த அடிப்பிடி, மூக்கறுந்த மாதிரிக் குழல் வாய். இங்கிலாந்துத் துவக்கு. இலங்கையில் பிறந்த எவனுக்கும் அதை அடையாளம் தெரியும், திரீ நொட் திரீ. பொலிஸ் ஸ்டேசன் வாசலில் அதுதான் நிற்கும். இயக்கப் பொடியன்கள் பொலிஸ் ஸ்டேசனை அடித்துப் பறித்துக்கொண்டு போனதும் அதுதான்.

இதால் எனக்கு அடித்திருக்கிறார்கள், இந்த இடத்தில், என்று மாமாங்கம் ஹென்னிங்குக்குத் தோள்மூட்டைத் தொட்டுக் காட்டினான். ஹென்னிங்கின் காது இன்னும் சிவந்தது. அவன் ஜெர்மன் துவக்கை எடுத்து நீட்டினான். வேண்டாம், இதுதான் வேண்டும் என்றான் மாமாங்கம். ஏன் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. தன்னை அடித்த ஒன்று தன் கையில் பேசாமல் இருப்பதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். தோளில் வைத்துப் பார்த்தான். அடி விழுந்த அதே தோள்.

அனுமதி சுணங்காமல் வந்தது. பொலிஸ் கந்தோரில் இருந்த பொம்பிளை சிரித்த முகத்தோடு முத்திரை குத்தித் தந்தாள். மாமாங்கம் அதை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நேரே கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோருக்கு ஓடினான், அகதிகளின் விசயம் பார்க்கிறவளிடம். அவள் வாசித்துவிட்டு, வாழ்த்துகள், ஆனால் உன் குடும்பத்து விண்ணப்பம் கோபன்ஹேகனில் வேறு அலுமாரியில் கிடக்கிறது, இந்தத் தாளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாள். கையில் துவக்கைத் தர நம்பினார்கள், பெண்சாதியைத் தர நம்பவில்லை. அன்றைக்கு அவன் ரயில் நிலையத்து வாங்கில் வெகுநேரம் இருந்தான். அழுதான் என்றுதான் கோணேஸ்வரன் பிறகு சொன்னான்.

இனி அந்தப் படம். வெளிநாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே, யாரோ ஒருவனின் காரில் சாய்ந்துகொண்டு படம் பிடித்து ஊருக்கு அனுப்புவது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துப் பக்கத்தில் நின்று பிடித்தவர்களும் உண்டு. மாமாங்கமும் கீழ்வீட்டுக்காரனின் வெள்ளைக் காரோடு, தொழிற்சாலை வாசலோடு, பனிக்குள் என்று அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். கார் எல்லாம் கண்டது போதும், எங்களை எப்போது கூப்பிடுகிறீர்கள் என்று தங்கராணி எழுதியிருந்தாள். அதற்கு என்ன பதில் எழுதுவது? எண்பத்தெட்டாம் ஆண்டு கோடைகாலத்தில், சுடும் திடலுக்கு வேடிக்கை பார்க்க வந்த கோணேஸ்வரன் கமராவும் கொண்டு வந்திருந்தான். ஹென்னிங் தன் பச்சைச் சுடும் சட்டையையும் தொப்பியையும் கழற்றி மாமாங்கத்துக்குப் போட்டுவிட்டான். பின்னால் மரங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கு. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொலிஸே எனக்குத் துவக்குத் தந்திருக்கிறது, என்னை நம்புகிறார்கள், கெதியில் உங்களையும் கூப்பிடுவார்கள் என்று எழுதி, படத்தையும் வைத்துத் தபாலில் போட்டான் மாமாங்கம்.

ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா, பாவி! ஊரில் அப்போது இந்திய இராணுவம் வீடு வீடாகப் புகுந்து தேடிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாதா? தெரியும். வானொலியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கேக் சாப்பிட்டுக்கொண்டு துவக்குச் சுடுகிற ஆட்களோடு ஒரு வருடம் பழகியதில், துவக்கு என்றால் என்ன என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. மூன்று பேர் பார்த்துச் சிரித்த படம், நாலாவது ஆள் எப்படிப் பார்ப்பான் என்று யாரும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு தங்கராணியிடமிருந்து கடிதம் வரவில்லை. அவன் எழுதினான், திரும்ப எழுதினான். மாரி தொடங்கிய நேரம் கோல்டிங் நகரத்தில் இருந்த மட்டக்களப்புக்காரி மேரிசெலின் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுடைய தங்கை மட்டக்களப்பில் கன்னியாஸ்திரி, அவள் மூலமாகச் சேதி வந்திருந்தது. தங்கராணியும் பிள்ளையும் சுகம். கடிதம் மட்டும் போட வேண்டாமாம். ஏன் என்று சொல்லவில்லையாம்.

மாமாங்கம் அந்தச் சேதியை உருட்டி உருட்டிப் பார்த்தான். சுகமாக இருக்கிறவள் ஏன் எழுத வேண்டாம் என்கிறாள்? கோபமா? வேறு ஏதுமா? ஆண்கள் தனியாகக் கிடக்கிற வீட்டில் இந்த மாதிரிச் சேதி வந்தால் என்னென்ன கதை பிறக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோணேஸ்வரன் நல்லவன், வாயைத் திறக்கவில்லை. மாமாங்கம் சங்கத்துக்குப் போவதை நிறுத்தினான். துவக்கு சங்கத்தின் இரும்பு அறையில் கிடந்தது. ஹென்னிங் கேட்டபோது தோள் வலிக்கிறது என்று மழுப்பினான்.

அடுத்த வருடம் இளவேனிலில் தபால்காரன் கடைசியில் அதைக் கொண்டு வந்தான். மேலே ஆட்கள் மாறி, அலுமாரிகள் திறபடத் தொடங்கியிருந்தன. தங்கராணியும் ஷர்மினியும் டென்மார்க்குக்கு வரலாம், கடவுச்சீட்டோடு கொழும்புக்கு வந்து விசா எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. மாமாங்கம் அந்தத் தாளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் ஹென்னிங்குக்குக் காட்டினான். ஹென்னிங் வெள்ளைச் சாயம் பூசிய கையோடு அவனைக் கட்டிப்பிடித்தான்.

மட்டக்களப்பு நகரத்தில் இன்னாசித்தம்பியின் கடையில் தொலைபேசி இருந்தது. மேரிசெலின் அக்கா தன் தங்கைக்குச் சொல்லி, சனிக்கிழமை பகல் தங்கராணியைப் பிள்ளையோடு அந்தக் கடைக்கு வரவைத்தாள். மாமாங்கம் குளித்து, திருநீறு பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு தொலைபேசிக்கு முன்னால் நின்றான். அவள் பார்க்கவா போகிறாள்? ஆனாலும் போட்டுக்கொண்டான்.

"கடிதம் வந்திட்டு தங்கம். உன்னையும் பிள்ளையையும் வரச் சொல்லி. வெளிக்கிடு."

அவள், சத்தம் போடாதீர்கள், உங்கள் குரல் வெளியே கேட்கும், கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றாள். சொல்லத் தொடங்கினாள். குரலைத் தாழ்த்தி, அழாமல், கணக்கு ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

இந்திய இராணுவம் தேடி வந்த அன்று அந்தப் படம் சுவரில் இருந்தது. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். அது டென்மார்க்கிலிருந்து வந்தது என்று காட்டக் கடிதமும் உறையும் இல்லை. வெளிநாட்டுக் கடிதம் வீட்டில் கிடந்தால் காசு கேட்டு இயக்கங்கள் வரும் என்று, எல்லோரையும் போல அவளும் வாசித்த கையோடு மற்றப் படங்களையும் சேர்த்து அடுப்பில் போட்டுவிடுவாள். பச்சைச் சட்டை, தொப்பி, காடு, கையில் பொலிஸிடம் பறித்த மாதிரித் துவக்கு. இவன் யார்? என் புருசன். எங்கே? டென்மார்க்கில். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் மற்றவர்களுக்கு அதைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். எந்த நாட்டிலடி தமிழனைக் கூப்பிட்டுத் துவக்குக் கொடுக்கிறான் என்று கேட்டார்களாம். கேட்டதில் என்ன பிழை? நம்மில் யாராவது நம்பியிருப்போமா?

முகாமுக்குக் கொண்டுபோனார்கள். விட்டார்கள், திரும்பக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை அவள் சொல்லவில்லை, மாமாங்கத்துக்குக் கேட்கவும் வாய் வரவில்லை. பிறகு ஒரு தடவை, நாளைக்கு வரும்போது மகளையும் கூட்டி வா என்றார்கள்.

"அப்பதான் சொன்னன், செத்திட்டாரெண்டு. காட்டுக்க செத்திட்டாராம், சேதி வந்ததெண்டு சொன்னன். செத்தவனைத் தேட மாட்டாங்கதானே."

கிராமத்து அதிகாரியான விதானையார் நல்ல மனிதர், அவன் செத்தது உண்மை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊர் பார்க்க வேண்டும், முகாமுக்குச் சேதி போக வேண்டும் என்று தாலியைக் கழற்றினாள். முப்பத்தோராம் நாள் சோறு ஆக்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் வீட்டுப் பக்கம் வருவதை விட்டார்கள்.

மாமாங்கம் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் இந்த அரசாங்கத்துக்கு எழுதுகிறேன், சங்கத்தால், பொலிஸால் எழுதுவிக்கிறேன், ஹென்னிங் சாட்சி சொல்லுவான் என்று என்னென்னவோ சொன்னான்.

"ஆருக்கு எழுதப் போறீங்க? பாஸ்போட்டுக்குப் புருசன் உசிரோட எண்டு நான் எழுதிக் குடுக்கணும். மறுகா, துவக்கோட நிண்டவன் உசிரோட இரிக்கான், நான் பொய் சொல்லி ஒளிச்சு வச்சனெண்டுதான் ஆமிக் காம்புக்காரன் வருவான். கொழும்புக்குப் போறதெண்டா எத்தின சோதனைச் சென்றி தாண்டணும்? நீங்க செத்தபடியாத்தான் நாங்க உசிரோட இரிக்கம். விளங்குதா?"

விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது என்று இருந்தது அவனுக்கு. நான் ஒரு விசரன், உன்னையும் பிள்ளையையும் நானே கொண்டுபோய்க் குழிக்குள் தள்ளிவிட்டேன் என்று அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். ஏசுவாள் என்று காத்திருந்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான்.

"மத்தப் படம் எல்லாத்திலயும் முகத்தை உம்மெண்டு வச்சிருந்தீங்க. அதில ஒண்டிலதான் சிரிச்சுக்கிட்டு நிண்டீங்க. அதான் மாட்டினன்" என்றாள் அவள். அதுவரை கணக்கு ஒப்புவித்த குரல் அந்த இடத்தில் உடைந்துபோனது. தூரத்தில் அவள் விம்முவது கேட்டது. பிள்ளையிடம் கொடு, ஒரு சொல்லுக் கேட்டுவிட்டு வைக்கிறேன் என்று கெஞ்சினான் மாமாங்கம். வேண்டாம், அவளுக்கு உண்மை தெரியாது, சின்னப்பிள்ளை சென்றியில் வாயைத் தவறவிட்டால் முடிந்தது கதை என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி கை மாறியது. கடை வாசலில் நின்ற பிள்ளை அம்மா அழுவதைக் கண்டு ஓடி வந்து பறித்துக்கொண்டுவிட்டது போல. அவன் வெளிக்கிடும்போது அதற்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. இப்போது வெட்டு ஒன்று துண்டு இரண்டாகக் கதைத்தது.

"ஆரு நீங்க? ஏன் அம்மாவை அழவைக்கிறீங்க?"

மாமாங்கம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். கோணேஸ்வரன் குசினி வாசலில் வந்து நின்று அவனைப் பார்த்தான்.

"நான் உங்கட அப்பாட கூட்டாளி, மகள்."

"அப்பா செத்திட்டார்."

"ஓம். கேள்விப்பட்டன்."

பிள்ளை மூச்சு விடுவது கேட்டது.

"அப்ப ஏன் நீங்க செத்தவீட்டுக்கு வரல்ல?"

"தூரம், மகள்" என்றான் மாமாங்கம். "வரக் கிடைக்கல்ல."